கிராணி அக்காவின் ரோட்டரிக்கு எந்தச் சீல்?

தம்பிகளா,

இப்படியெல்லாம் எழுதுவது தலை நரைத்து வேலையிலிருந்து ஓய்வு வாங்கியவர்கள் செய்கிற காரியம். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை நான் மலை இறங்கி ஈப்போவுக்கு வேலை மாறிப் போகிறேன். என் ஸ்பேனர் பெட்டி உங்கள் இரண்டு பேர் கைக்கு வருகிறது. போவதற்கு முன் பையன்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்றார் தவுக்கே. நம் முதலாளி எதையும் இரண்டாவது தடவை சொல்பவர் இல்லை என்பது இந்த ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும். நேரில் பேசினால் எனக்கு நாக்கு குழறும். அதனால் எழுதுகிறேன்.

எந்த போல்ட்டை முதலில் கழற்றுவது, எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் உங்களுக்குப் பொலிடெக்னிக்கிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. சுற்றிலும் ஆள் நின்றுகொண்டு ஆளுக்கொன்று சொல்லும்போது, நீங்கள் மட்டும் ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பரமேஸ்வரி அக்காவைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. ஆகவே எல்லாருக்கும் அவர் கிராணி அக்கா. அவருடைய சிவப்பு ரோட்டரி கார் தெரியாதவர்கள் இந்த மலையில் தானா ராத்தாவிலிருந்து கியா பார்ம் வரைக்கும் கிடையாது. தோட்டத்தில் பிறந்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர். வேலை நிரந்தரமானதும் ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. அவர் கணவர் குமரன் அண்ணன் காய்கறி லாரி ஓட்டுகிறவர். "என் லாரி கெட்டுப் போனா ரோட்டுல நிக்கும். இவ கார் கெட்டுப் போனா என் தலைமேல நிக்கும்" என்பது அவருடைய வழக்கமான பேச்சு.

ரோட்டரியை நீங்கள் இன்னும் திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். இதில் பிஸ்டனே கிடையாது. பக்கங்கள் சற்று உப்பிய முக்கோணம் ஒன்று, ரோட்டர் என்பார்கள், கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அக்கா காரில் அப்படி இரண்டு. அந்த முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஒரு காடி வெட்டியிருக்கும். காடிக்குள் உடைந்த ஸ்கேல் துண்டு மாதிரி மெல்லிய பட்டை ஒன்று, அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். பட்டை கூட்டின் சுவரை உரசிக்கொண்டே போனால்தான் காற்று கசியாது. அதுதான் அப்பெக்ஸ் சீல். கை விரல் அகலம்கூட இல்லாத சாமான். அது உடைந்தால் இன்ஜின் உயிரை விட்டுவிடும். உடைந்த துண்டு சுவரைக் கீறினால் கூடும் போய்விடும்.

ஒரு நாள் குமரன் அண்ணன் தன் லாரியில் கயிறு கட்டி அந்தக் காரை இழுத்துக்கொண்டு வந்தார். இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. காம்ப்ரெஷன் பார்க்க, அதாவது உள்ளே காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்க, கேஜைப் பொருத்தினேன். நல்ல ரோட்டரியில் முள் மூன்று தடவை ஒரே அளவு துள்ள வேண்டும். இதில் ஒரு தடவை துள்ளியது, அடுத்த இரண்டு தடவையும் சோர்ந்து விழுந்தது. ஒரு முனைச் சீல் போனால் அதன் இரண்டு பக்கமும் கசியும். ஒரு சீல் போய்விட்டது.

திறந்து பார்த்தால் ஒரு சீலின் மூலை உடைந்திருந்தது. உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போயிருக்க வேண்டும். சுவரில் ஒரு மெல்லிய கோட்டோடு விட்டுவிட்டது. அது அக்காவின் அதிர்ஷ்டம். ஆனால் சுவரில் பூசிய குரோம் ஓரங்களில் உரிய ஆரம்பித்திருந்தது. இன்னொரு கூடு கிடைக்குமா என்று தவுக்கே தனக்குத் தெரிந்த இடத்திற்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தார். எங்கும் இல்லை. இருக்கிற கூட்டை வைத்துத்தான் கட்ட வேண்டும். இன்னொரு தடவை சீல் உடைந்து சுவர் கீறினால் அத்தோடு முடிந்தது.

இதைச் சொன்னதும் குமரன் அண்ணன் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். இந்த ஒரு தடவைதான், அப்புறம் பெசி புரூக் கடைதான் என்றார். நம்ம ஊரில் பழைய இரும்பை எடைக்கு எடுக்கிற கடை. அக்கா மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி. இதுதான் கடைசி. அப்புறம் நான் கேக்க மாட்டேன்" என்றார். காரின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

தவுக்கேக்கு அன்று மத்தியானமே கோலாலம்பூருக்குக் கிளம்ப வேண்டும், பேரப் பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைந்த முழுநிலா விருந்து. எந்தச் சீல் போடுவது என்று கேட்டேன். திறந்தது நீ, பார்த்தது நீ, நீயே சொல் என்று மலாயில் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

சாமான் விற்கிற கடைக்காரர் போனில் மூன்று வகை சொன்னார். முதலாவது செராமிக். எடை இல்லை, தேயவும் தேயாது, ஆனால் சுவர் புதுசு மாதிரி இருக்க வேண்டும். உடைந்தால் கண்ணாடி உடைகிற மாதிரிதான். இரண்டாவது வெளியில் செய்கிற ஸ்டீல். அடி விழுந்தால் வளையுமே தவிர உடையாது. மூன்றாவது காரோடு வந்த அதே வகை வார்ப்பிரும்பு. அதில் ஒரே ஒரு செட்தான் மிச்சம், வேறு ஆளும் கேட்டிருக்கிறார், கடை சாத்துவதற்குள் சொல்லிவிடு என்றார்.

அக்காவுக்குச் செராமிக் மேல் ஆசை. இணையத்தில் ரோட்டரிக்காரர்கள் கூடிப் பேசுகிற இடத்தில் அதைத்தான் புகழ்ந்திருந்தார்களாம். குமரன் அண்ணனுக்கு ஸ்டீல். உடைந்ததால்தானே வந்தோம், உடையாததைப் போடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். எனக்கும் உள்ளுக்குள் ஸ்டீல்தான். உடையாது என்ற வார்த்தை அந்த நேரத்தில் அவ்வளவு ஆறுதலாக இருந்தது. போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் மேசைமேல் வரிசையாக வைத்திருந்த மற்றச் சீல்களைப் பார்த்தேன். அதுவரை உடைந்த ஒன்றையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடையாத ஐந்தில் நான்கை நான் காடியிலிருந்து நெம்பித்தான் எடுத்திருந்தேன். கரி பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தன. தாராளமாக அசைய வேண்டிய பட்டை அசையாமல் கிடந்திருக்கிறது. அசைய முடியாத நிலையில் ஒன்று உடைந்திருக்கிறது. அந்த இடத்தில் ஸ்டீல் இருந்திருந்தால் அதுவும்தான் ஒட்டியிருக்கும். அப்படியானால் இவ்வளவு கரி எங்கிருந்து வந்தது?

போனைக் கீழே வைத்துவிட்டு, தினமும் ஓட்டுகிற மாதிரி என்னை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா என்றேன். கார்தான் பிரிந்து கிடக்கிறதே என்றார். எந்தக் காராக இருந்தாலும் சரி என்றேன். குமரன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சீல் வாங்கச் சொன்னால் ஜாலி போகப் பார்க்கிறானே என்கிற பார்வை.

அக்கா வீட்டில் இருந்த இன்னொரு பழைய காரில் போனோம். தோட்ட ஆபீசிலிருந்து ஏற்றத்தில் கிளம்பினார். வேகம் பிடிப்பதற்குள் இரண்டாவது கியர், உடனே மூன்றாவது, வளைவு வருவதற்குள் நான்கு. இன்ஜின் முனகியது, கியர் கம்பி கைக்குள் நடுங்கியது. அவர் நிதானமாக, மிதிக்கப் பயந்தவர் மாதிரி போனார். கியரைக் குறைத்து ஓட்டினால் என்ன அக்கா என்று கேட்டேன்.

"சத்தம் போடும்லா."

"போட்டா என்னக்கா?"

சரிவில் கத்திரியோடு நின்று கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவர்களைக் கண்ணால் காட்டினார். "எங்கம்மா இதே சரிவுல நின்னவங்க தம்பி. ஆபீஸ் கார் ஒன்னு உறுமிக்கிட்டுப் போனா, நாம கூடையோட நிக்கிறோம், அது சீறிக்கிட்டுப் போவுதுன்னு சொல்வாங்க. நான் ஒரு நாளும் அப்படிப் போனதில்ல."

எங்கம்மாவும் அந்தச் சரிவில்தான் நிற்கிறார். சரிவில் நிற்பவர்களுக்கு அக்கா காட்டும் மரியாதை எனக்குப் புரிந்தது. அந்த மரியாதைதான் இன்ஜினுக்குள் கரியாகப் படிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரோட்டரி மெதுவாக முனகிக்கொண்டு மலை ஏறினால் எண்ணெயும் பெட்ரோலும் முழுசாக எரியாது. கரி சேரும், சீல் ஒட்டும். அதற்கு மேல், வீட்டிலிருந்து ஆபீஸ் இரண்டு வளைவு தூரம். இன்ஜின் சூடாவதற்குள் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவார்.

திரும்பி வந்ததும் கடைக்காரருக்குப் போன் போட்டு அந்தக் கடைசிச் செட் வார்ப்பிரும்பு எனக்கு வேண்டும் என்றேன். பக்கத்தில் நின்ற இருவருக்கும் காரணத்தைச் சொன்னேன். சீல் பலமில்லாமல் உடையவில்லை, ஒட்டிக்கொண்டதால் உடைந்தது. ஸ்டீல் உடையாமல் இருக்கலாம், ஆனால் உரிய ஆரம்பித்த குரோமை அது சுரண்டிவிடும். செராமிக் கேட்கிற மாதிரி சுவர் நம்மிடம் இல்லை. நமக்கு இன்னொரு கூடு கிடையாது, ஆகவே தேய்ந்தால் சீல் தேயட்டும், சுவர் இருக்கட்டும். ஒட்டாமல் பார்த்துக்கொள்வது ஓட்டுகிறவர் காலில் இருக்கிறது.

"படிச்ச பையன் நல்லாத்தான் பேசுறான். ஓடட்டும், பாப்போம்" என்றார் குமரன் அண்ணன்.

கட்டிய நாட்களை விட்டுவிடுகிறேன். அது எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலைதான். முடித்த அன்று அக்கா ஆபீசில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். குமரன் அண்ணன் ஈப்போவில் காய்கறி இறக்கிவிட்டு லாரியோடு நேரே இங்கே வந்தார். வெளியே மழை. ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் கேஜைப் பொருத்தினேன். முள் மூன்று தடவை ஒரே அளவு துள்ளியது. ஆனால் அளவு குறைவு. சர்வீஸ் புத்தகத்தில், இதற்குக் கீழே இருந்தால் இன்ஜினைப் பிரிக்கவும் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அதற்கும் கீழே. மற்ற இன்ஜின்களில் சிலிண்டர்கள் ஒன்றுக்கொன்று சமமா என்றுதான் பார்ப்போம், எண்ணைப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

இன்னொரு தடவை பார்த்தேன். அதே எண். இரண்டாவது ரோட்டரும் அப்படியே.

தம்பிகளா, எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முழுசாகப் படித்த முதல் ஆள் நான். அச்சில் வந்த எதையும் எங்கம்மா மிதிக்க விடமாட்டார், பழைய பேப்பராக இருந்தாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நானும் அப்படியே வளர்ந்தவன். புத்தகம் ஓர் எண்ணைச் சொல்லி, இன்ஜின் வேறு எண்ணைச் சொன்னால், தப்பு இன்ஜின் பக்கம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அப்போது இன்ஜின் என்றால் நான் கட்டியது. அதாவது தப்பு என்னுடையது.

குமரன் அண்ணன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஸ்டீல் போடச் சொன்னேனே என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். அது இன்னும் மோசம். நான் ஸ்பேனரை எடுத்தேன். பிரித்துவிடலாம், உள்ளே இருக்கிற ரப்பர் வளையமெல்லாம் வீணாகும், போனால் போகட்டும், ஸ்டீலே போட்டுவிடலாம் என்றேன். யாராவது சரி என்று சொன்னால் போதும் என்றிருந்தது. முடிவு என் தலையிலிருந்து இறங்கிவிடுமே.

அக்கா தகரக் கூரையில் விழுகிற மழையைக் கேட்டுக்கொண்டு நின்றார். "எடுக்கணும்னா எடு தம்பி. ஆனா சீல்தான் தப்புன்னு உனக்கே நிச்சயமா தெரியுதா, இல்ல எங்க மூஞ்சியப் பாத்து எடுக்கிறியா?"

ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

குமரன் அண்ணனுக்கு மனசு இளகியிருக்க வேண்டும். சாப்பிடாமல் யோசித்தால் மண்டை ஓடாது என்று சொல்லி, ஈப்போவிலிருந்து வாங்கி வந்த கச்சாங் பூத்தே பொட்டலம் ஒன்றை மேசைமேல் போட்டார். கடலையும் பட்டாணியும் முறுக்குத் துண்டும் கலந்த பொட்டலம். அது தலையணை மாதிரி உப்பியிருந்தது. நம் ஊருக்கு வருகிற எல்லாப் பொட்டலமும் அப்படித்தான் இருக்கும். பிரிஞ்சாங் கடைகளில் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அண்ணன் ஒரு குத்துக் குத்தினார். பட்டென்று வெடித்துக் கடலை மேசையெல்லாம் சிதறியது.

நான் கடலையைப் பொறுக்காமல் வெடித்த பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே காற்று அடைத்துக் கட்டிய பை, மேலே வந்ததும் ஏன் உப்புகிறது? மேலே காற்று லேசு. லேசான காற்றை அமுக்கினால் கேஜில் என்ன வரும்? குறைவாகத்தானே வரும். அந்த எண்ணைப் போட்டவர்கள் கடல் மட்டத்தில் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள். நான் மேகத்துக்குள் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சந்தோஷமாக இருந்தது. ஆனால் உடனே பயமும் வந்தது. தப்பிக்க ஒரு சாக்குத் தேடும்போது மூளை இப்படித்தான் அழகழகாக யோசிக்கும். ஆகவே இதை நிரூபிக்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கியா பார்மில் ஸ்ட்ராபெரி தோட்டம் வைத்திருக்கிற ஒருவரின் புத்தம் புது பெட்ரோல் வேன் அன்று முதல் சர்வீசுக்கு வந்து நின்றது. அதன் இன்ஜினில் குறை இருக்க வழியே இல்லை. பிளக்கைக் கழற்றி ஒரு சோதனை பார்க்கட்டுமா என்று அவரிடம் கேட்டேன். புது வண்டியில் ஏன் கை வைக்கிறாய் என்று சந்தேகமாகப் பார்த்தார். அவர் வேனில் ஒன்றுமில்லை, எனக்குத்தான் ஒரு சந்தேகம் என்றேன். பக்கத்திலேயே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார், கூரைக்கு உள்ளே.

நான்கு சிலிண்டரும் பார்த்தேன். நான்கும் ஒன்றாகவே இருந்தன. நான்கும் அந்த வேனின் புத்தகம் சொல்கிற அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. புது வேன், குறை இல்லாத வேன், அதுவும் குறைவாகத்தான் காட்டுகிறது. ரோட்டரி புத்தகத்தின் எண்ணிலும் அந்த ஆறில் ஒரு பங்கைக் கழித்துப் பார்த்தேன். என் ரோட்டரி அதைத் தாண்டி நின்றது. புதுச் சீல் சுவரோடு இன்னும் பழகவில்லை, பழகினால் மேலும் ஏறும்.

ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்தேன். என் கை எவ்வளவு நேரமாக அதை இறுக்கிப் பிடித்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. விரல் நீட்ட வரவில்லை.

"பிரிக்க வேணாம்க்கா. சீல் சரியாத்தான் இருக்கு" என்றேன்.

குமரன் அண்ணன் விடவில்லை. எப்படி என்று கேட்டார். கிழிந்த பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன். பொட்டலத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, லாரி நிறையச் சிப்ஸ் ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் பின்னால் பட்டாசு மாதிரி வெடிக்கிறதே, அதுவும் இதுதானா என்றார். அதுவும் இதுதான் என்றேன். இத்தனை வருஷம் பெட்டியை அடுக்கியவன்மேல் பழி போட்டேனே என்றார்.

அக்கா சாவியைத் திருப்பினார். முதலில் சுற்றியது, இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. கட்டும்போது உள்ளே தடவிய எண்ணெயெல்லாம் எரிந்து ஒர்க்‌ஷாப் முழுக்கப் புகை. ஸ்ட்ராபெரிக்காரர் குடையோடு மழைக்கே ஓடிவிட்டார். புகை அடங்கியதும் இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது, புகை என்றார். நாங்களும் புகை என்றே வைத்துக்கொண்டோம்.

பிறகு மருந்து சொன்னேன். முதலில் கொஞ்ச நாள் பக்குவமாக, சீல் பழகட்டும். அதற்கப்புறம் தினமும் ஒரு தடவை, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சுற்று உச்சத்தைத் தொட்டு பீப் என்று எச்சரிக்கை வருகிற வரைக்கும் மிதிக்க வேண்டும், அப்போதுதான் கரி எரிந்து போகும். இரண்டு வளைவு தூரத்துக்கு இந்தக் காரை எடுக்கவே கூடாது. அக்கா முகம் மாறியது. அந்தச் சரிவில் அப்படிப் போக முடியாது என்றார். அங்கே வேண்டாம், தோட்டத்துக்குள் எப்போதும் போல மரியாதையாகப் போங்கள், கேட்டைத் தாண்டிப் பெரிய ரோட்டுக்கு வந்ததும் மிதியுங்கள் என்றேன். அதற்குத் தலையாட்டினார்.

கொஞ்ச நாள் கழித்து எங்கம்மா சொல்லித்தான் மீதி தெரிந்தது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு அக்கா வீட்டுக்குப் போனதும் கிராணி கார் வெளியே வந்து பூனை மாதிரி சரிவைக் கடந்து போகிறதாம். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் ஓர் அலறல் கேட்கிறதாம். சரிவில் நிற்கிறவர்கள் முதல் நாள் பயந்துவிட்டார்களாம். இப்போது அது கேட்டதும் கத்திரியை நிறுத்தி, "கிராணி மருந்து குடிச்சிட்டா, கெளம்புங்கடி" என்று கூடையைத் தூக்குகிறார்களாம்.

போன வாரம், என் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம் என்று அக்காவைக் கூப்பிட்டுக் கடைசியாக ஒரு தடவை கேஜ் பொருத்திப் பார்த்தேன். மூன்று துள்ளல், ஒரே அளவு, முதல் நாளைவிட நன்றாக மேலே. பாஸா தம்பி என்று கேட்டார். பாஸ் அக்கா என்றேன். இனிமேல் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். உங்கள் இரண்டு பேரையும் காட்டினேன். நீங்கள் அப்போது டயர் கழுவிக்கொண்டிருந்தீர்கள். உங்களைக் கொஞ்ச நேரம் அளந்து பார்த்தார், அந்த வேன்காரர் என்னைப் பார்த்த மாதிரியே.

அவர் கியா பார்ம் ரோட்டில் ஏறிப் போனதை வாசலில் நின்று கேட்டேன். முதல் வளைவு வரைக்கும் சாதாரணமாகத்தான் போனார். அப்புறம் சத்தம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. பீப் எனக்குக் கேட்கவில்லை, அது காருக்குள் அக்காவுக்கு மட்டும்தான் கேட்கும். ஆனால் இரண்டாவது வளைவுக்கு முன்னால் அந்தச் சத்தம் உச்சியில் ஒரு கணம் நின்றது, பீப் வந்திருக்க வேண்டும், கியர் மாறியது, மறுபடி ஏற ஆரம்பித்தது. நான் உள்ளே வந்து கையிலிருந்த எண்ணெயைக் கழுவினேன்.